மஞ்சளாறு எங்கிருந்து வருகிறது? ஒரு சிற்றாறும் அதன் நீர்ப்பிடிப்பும்

ஐப்பசி பிறந்துவிட்டால் தேனி, திண்டுக்கல் பக்கத்துச் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வரும்: ‘நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்த மழையால் அணைக்கு நீர்வரத்து அதிகரித்துள்ளது.’ வாசிப்பவர்களுக்கு எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். அந்த நீர்ப்பிடிப்புப் பகுதி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அணைக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தைக் காட்டுவார்கள். மீதிப் பேர் ‘மேலே, மலையில்’ என்று கையைத் தூக்குவார்கள். முதல் பதில் தவறு. இரண்டாவது, போதாத பதில்.

இந்தக் குழப்பத்திலிருந்து வேறு சில குழப்பங்களும் கிளைக்கின்றன. பெரியகுளத்தில் வெயில் கொளுத்தும்போது கும்பக்கரை அருவியில் குளிக்க ஏன் தடை போடுகிறார்கள் என்று சுற்றுலா வந்தவர்கள் சண்டைக்கு நிற்கிறார்கள். மரம் நட்டால் ஆறு தானாக ஓடும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். ‘அணைக்கு 100 கனஅடி வருகிறது’ என்றால் ஏதோ 100 டேங்கர் லாரித் தண்ணீர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழனிமலையின் தென்சரிவில் ஓடும் மஞ்சளாற்றை எடுத்துக்கொண்டு இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பெரிய ஆறு இல்லை. அதனால்தான் விளக்குவதற்கு வசதி.

தொட்டிக்கட்டு வீட்டு முற்றம்

பழைய தொட்டிக்கட்டு வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் முற்றம். நான்கு பக்கமும் ஓட்டுக்கூரை முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். மழை பெய்தால் நான்கு சரிவுத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, ஒரு மூலையில் உள்ள தூம்பு வழியாக வெளியே போகும். அதே கூரையின் வெளிப்பக்கச் சரிவில் விழுந்த மழை தெருவுக்கோ கொல்லைக்கோ போய்விடும். எந்தத் துளி உள்ளே வரும், எந்தத் துளி வெளியே போகும் என்பதைத் தீர்மானிப்பது கூரையின் உச்சியில் ஓடும் மோட்டு ஓட்டு வரிசைதான்.

மலையிலும் இதே கதைதான். உள்நோக்கிச் சரியும் கூரைகளும் முற்றமும் சேர்ந்த மொத்தப் பரப்புதான் நீர்ப்பிடிப்புப் பகுதி. அதாவது, எந்த நிலத்தில் விழும் மழை கடைசியில் ஒரே இடத்தின் வழியாக வடிகிறதோ அந்த நிலம் முழுவதும். மோட்டு ஓட்டு வரிசைக்கு இணையானது நீர்பிரி முகடு. தூம்பு இருக்கும் இடத்தை வடிபுள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

தூம்பை எங்கே வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. மஞ்சளாறு அணையை வடிபுள்ளியாகக் கொண்டால் ஒரு பரப்பு வரும். வத்தலக்குண்டில் ஆற்றுப் பாலத்தைக் கொண்டால் அதைவிடப் பெரிய பரப்பு வரும். மலைமேல் ஒரு காபித் தோட்டத்தைக் கடக்கும் பெயரில்லாத ஓடையைக் கொண்டால் சில ஏக்கர்தான் வரும். ஆகவே ‘நீர்ப்பிடிப்புப் பகுதி எவ்வளவு?’ என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த இடத்துக்கு என்று சொல்ல வேண்டும்.

இதுவரை: நீர்ப்பிடிப்பு என்பது தண்ணீர் தேங்கும் இடமில்லை, தண்ணீர் வந்து சேரும் நிலம். அதன் எல்லை முகடு. அதன் அளவு நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

பழனிமலையின் இரு சரிவுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டு கிடக்கும் கிளை பழனிமலை. கிழக்கு மேற்காகச் சுமார் 65 கி.மீ., வடக்கு தெற்காகச் சுமார் 40 கி.மீ. மிக உயரமான சிகரம் வந்தரவு, 2,500 மீட்டருக்கு மேல். இந்த மலையே ஒரு பெரிய ஓட்டுக்கூரைதான். வடக்குச் சரிவில் இறங்கும் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி எல்லாம் சண்முகாநதியாகி அமராவதிக்குப் போகின்றன. நங்காஞ்சியாறும் குடகனாறும் போய்ச் சேர்வதும் அமராவதிதான். அமராவதி கரூர் அருகே திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. தெற்குச் சரிவில் இறங்கும் மருதாநதி, மஞ்சளாறு, பாம்பாறு, வராகநதி ஆகியவை வைகைக்குப் போகின்றன.

முகட்டின் மேல் ஓர் அடி இடைவெளியில் விழும் இரண்டு துளிகளில் ஒன்று பழனி வழியாகக் காவிரிக்கும், மற்றொன்று மதுரை வழியாக ராமநாதபுரத்துக்கும் போகலாம். கேட்க வேடிக்கையாக இருந்தாலும், எந்தப் பக்கம் கட்டிய வீட்டின் கழிவுநீர் எந்த ஊர்க் குடிநீரில் கலக்கும் என்ற கேள்விக்கு விடை இந்த ஓர் அடியில்தான் இருக்கிறது.

ஆற்றின் வழி

மஞ்சளாறு அணைக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடைகளாக உள்ளூரில் சொல்லப்படுபவை தலையாறு, மூலையாறு, வரட்டாறு. கொடைக்கானல் மலைச்சாலையில் டம்டம் பாறை அருகே நின்றால், பள்ளத்தாக்குக்கு அப்பால் வெள்ளை நூல் மாதிரித் தொங்குவது தலையாற்று அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். 297 மீட்டர் உயரம். காட்சிமுனையில் நின்று படம் எடுப்பவர்கள் அருவியை மட்டும் எடுக்கிறார்கள். அருவிக்கு மேலே ஒரு சமதளம்போல் விரிந்து கிடக்கும் மலைநிலம்தான் அந்த நூலுக்குத் தண்ணீர் தருவது.

செங்குத்தான பாறையிலிருந்து விழுந்த பிறகு ஆறு உருட்டுக்கற்கள் நிறைந்த பள்ளத்தில் இறங்கி, தேவதானப்பட்டி அருகே 57 அடி உயரமுள்ள மஞ்சளாறு அணையில் தேங்குகிறது. அங்கிருந்து தேவதானப்பட்டி, கெங்குவார்பட்டி, வத்தலக்குண்டு வட்டார வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சம் வைகையில் சேர்கிறது. ஆறு பிறக்கும் மலை திண்டுக்கல் மாவட்டம், அணை இருக்கும் இடம் தேனி மாவட்டம், பிறகு வத்தலக்குண்டு மறுபடி திண்டுக்கல் மாவட்டம். மாவட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆற்றைப் பேசினால் பேச்சு பாதியிலேயே அறுந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வழியில் மூன்று விதமான நிலம் இருக்கிறது. மேலே மண் ஆழமான, சரிவு குறைந்த மலைப்பரப்பு. நடுவில் மண்ணே ஒட்டாத பாறைச் சரிவு. கீழே ஆறு வேகம் இழந்து கல்லையும் மணலையும் இறக்கிப் போடும் அடிவாரம். முதலில் பெருங்கல், பிறகு கூழாங்கல், பிறகு மணல், கடைசியில் அணைக்குள் வண்டல் என்று கனத்த வரிசைப்படி இறக்கும். தண்ணீரைச் சேமித்து வைப்பது மேல்நிலம். நடுப்பகுதி வெறும் சறுக்கு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

நதிமூலம் என்ற ஒற்றைப் புள்ளி

‘நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது’ என்பார்கள். ரிஷிமூலத்தை விட்டுவிடுவோம். நதிமூலத்தைத் தேடிப் போனால் என்ன ஆகும்? ஆற்றின் வழியே மேலேறிப் போகும்போது ஆறு இரண்டாகப் பிரியும். பெரியதைப் பிடித்துக்கொண்டு ஏறினால் அதுவும் பிரியும். கடைசியில் ஒரு புல்வெளிச் சரிவில், கால் வைத்தால் சொதசொதவென்று அமுங்கும் இடத்தில் போய் நிற்போம். ஓடை இங்கே தொடங்குகிறது என்று குச்சி நட்டுவிட்டு மார்ச்சில் திரும்பிப் போனால், குச்சிக்கு 200 மீட்டர் கீழேதான் தண்ணீர் இருக்கும். மழைக்காலத்தில் ஓடையின் தலை மேலே ஏறும்; கோடையில் கீழே இறங்கும். ஒரே ஊற்றில் ஆறு பிறக்கிறது என்பது வழிபாட்டுக்குச் சரி. தண்ணீர்க் கணக்குக்கு அந்த மலைச்சரிவு முழுவதும்தான் மூலம்.

பெயர் வைத்தவர்களுக்கு இது ஓரளவு தெரிந்திருக்கிறது. வரட்டாறு என்ற பெயரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் பல ஓடைகள் உண்டு. மழை பெய்தால் ஓடும், நின்றால் வறண்டுவிடும் என்ற குணத்தை அப்படியே பெயராக்கியிருக்கிறார்கள்.

வரைபடத்தில் எல்லை போடுவது எப்படி

நீர்ப்பிடிப்பைக் கண்ணால் பார்க்க நல்ல வழி, ஒருமுறை அதன் எல்லையைக் கையால் வரைந்து பார்ப்பதுதான். ஒரு மாலை நேரம் போதும். வேண்டியது சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 அளவு நிலப்பட வரைபடம். அதில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து ஓடுபவை சம உயரக் கோடுகள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு என்று பொருள். இரண்டு கோடுகளுக்கு இடையே பொதுவாக 20 மீட்டர் உயர வேறுபாடு. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமதளம்.

முதலில் நீலப் பென்சிலால் வடிபுள்ளியிலிருந்து மேலே போகும் எல்லா ஓடைகளையும் தடவிக்கொள்ளுங்கள். அடுத்தது பள்ளத்தையும் மேட்டையும் பிரித்தறிவது. சம உயரக் கோடு ஒரு மூக்குப்போல நீண்டிருக்கும் இடங்களில், மூக்கின் நுனி உயரமான பக்கத்தைக் காட்டினால் அது பள்ளம். தாழ்வான பக்கத்தைக் காட்டினால் அது முகட்டுத் தண்டு. இந்த ஒன்றைத் தலைகீழாகப் புரிந்துகொண்டுதான் புதியவர்களில் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். ஓடை ஓடும் இடத்தில் மூக்கு எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்துவிட்டு ஆரம்பித்தால் தப்பு வராது.

பிறகு சிவப்புப் பென்சிலை வடிபுள்ளியில் வைத்து, ஆற்றின் ஒரு கரையிலிருந்து முகட்டுத் தண்டின் வழியாக மேலே ஏறுங்கள். சம உயரக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். சிகரத்திலிருந்து சிகரத்துக்குப் போகும்போது நடுவில் கணவாய் வரும்; அதன் நடுமேட்டின் வழியாகவே போகவும். சுற்றி வந்து மறுகரை வழியாக அதே வடிபுள்ளியில் முடிக்க வேண்டும். சரிபார்க்க ஒரே விதி: சிவப்புக் கோடு நீலக் கோட்டை வடிபுள்ளியைத் தவிர வேறெங்கும் வெட்டக் கூடாது. வெட்டினால் எங்கோ பக்கத்து ஓடையின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

பரப்பை அறிய 1 செ.மீ. கட்டம் போட்ட ஒளிபுகும் தாளை மேலே வைத்துக் கட்டங்களை எண்ணுங்கள். ஒரு கட்டம் 25 ஹெக்டேர். 40 கட்டம் என்றால் 10 சதுர கி.மீ. எல்லையில் பாதிக்கு மேல் உள்ளே இருக்கும் கட்டங்களை முழுதாக எண்ணி, மற்றதை விட்டுவிட்டால் போதும்.

இதில் ஏமாற்றக்கூடியவை மனிதன் வைத்தவை. முகட்டைத் துளைத்துப் போகும் குழாய், சரிவின் குறுக்கே வெட்டிய வாய்க்கால், சாலையோரச் சாக்கடை ஆகியவை ஒரு நீர்ப்பிடிப்பின் தண்ணீரை இன்னொன்றுக்குக் கடத்திவிடும். வரைபடத்தில் அவை தெரியாது. நடந்து பார்த்தால்தான் தெரியும்.

மழை விழுந்த பிறகு: காபி பில்டரைப் பாருங்கள்

கூரை ஒப்புமை எல்லையைச் சொல்லும். ஆனால் மலை ஓடு போட்ட கூரை இல்லை. அதன் மேல் மண் இருக்கிறது. இங்கே காபி பில்டர்தான் சரியான உதாரணம்.

பில்டரின் மேல்பாத்திரத்தில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றுகிறோம். முதலில் ஊற்றிய கொஞ்சம் தண்ணீர் தூளை நனைப்பதிலேயே போய்விடும். ஒரு சொட்டுகூடக் கீழே இறங்காது. இன்னும் ஊற்றினால் சொட்டத் தொடங்கும். ஊற்றுவதை நிறுத்திய பிறகும் வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். தூளை அழுத்தமாக அடைத்துவிட்டாலோ, அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினாலோ தண்ணீர் மேலே தேங்கி விளிம்பில் வழியும். மலையில் நடப்பது அனைத்தும் இதில் அடங்கிவிடும்.

மழையின் ஒரு பங்கு இலையிலும் புல்லிலும் தங்கி, தரையைத் தொடாமலேயே ஆவியாகிறது. தரைக்கு வந்தது மண்ணுக்குள் இறங்கப் பார்க்கிறது. மண் உறிஞ்சும் வேகத்தைவிட மழையின் வேகம் அதிகமாக இருந்தால், அல்லது மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்தால், மிச்சம் தரைமேல் ஓடுகிறது. இதை வழிந்தோடும் நீர் என்கிறோம். சில மணி நேரத்தில் ஆற்றுக்கு வந்து வெள்ளமாகத் தெரிவது இதுதான். செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வருவதும் இதுதான். மண்ணுக்குள் இறங்கியதில் ஒரு பங்கை வேர்கள் குடிக்கின்றன. மீதி மண்ணுக்கும் அடிப்பாறைக்கும் இடையே மெதுவாகக் கசிந்து, ஊற்றாகவும் ஓடைக்கரைக் கசிவாகவும் வெளிவருகிறது. இது ஊற்றோட்டம். ஆற்றில் வழிந்தோடும் நீர் ஒரு நொடியில் கடக்கும் தூரத்தை மண்ணுக்குள் கசியும் நீர் கடக்க ஒரு நாளோ பல நாளோ ஆகலாம். மழை நின்று இரண்டு மாதம் ஆகியும் ஓடையில் தண்ணீர் ஓடுகிறது என்றால் அது முழுவதும் ஊற்றோட்டம்தான்.

பழனிமலையின் அடிப்பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கெட்டிப்பாறை. பாறைக்குள் தண்ணீர் நிற்க இடமில்லை. விரிசல்களில் மட்டும் கொஞ்சம் நிற்கும். ஆகவே சேமிப்பு என்பது பாறைமேல் கிடக்கும் மண்ணும், மக்கிப் பொடிந்த பாறையும்தான். பில்டரில் உள்ள தூளின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் டிகாக்‌ஷன். மலைமேல் ஓர் அடி மண் அரித்துப் போனால் தோட்டக்காரருக்கு மட்டும் நஷ்டமில்லை. பில்டரிலிருந்து தூளை அள்ளிவிட்ட மாதிரி.

அக்டோபர் முதல் மழைக்கு ஆறு அசையாமல் கிடப்பதும், நவம்பரில் அதே அளவு மழைக்குக் கரைபுரள்வதும் இதனால்தான். முதல் மழை தூளை நனைக்கிறது. ஐந்தாவது மழைக்கு மண்ணில் இடமில்லை. ‘மழை எவ்வளவு பெய்தது’ என்பதோடு ‘அதற்கு முந்தின வாரம் எவ்வளவு பெய்தது’ என்றும் கேட்கப் பழகினால் வெள்ளச் செய்திகள் வேறு மாதிரிப் புரியும்.

இந்த மலைக்கு மழை தருவது முக்கியமாக வடகிழக்குப் பருவம். தென்மேற்குக் காற்று மேற்கே ஆனைமலையிலும் மூணாறு மலைகளிலும் பெரும்பகுதி மழையைக் கொட்டிவிட்டுத்தான் இங்கே வருகிறது. கொடைக்கானலில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மி.மீ. மழை, கீழே திண்டுக்கல் சமவெளியில் ஏறக்குறைய அதில் பாதி. ஆகவே மஞ்சளாற்றின் கணக்குப் புத்தகத்தில் வரவு பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழை சில்லறை வரவு. மற்ற மாதங்களில் வரவு குறைவு, செலவு அதிகம்.

சுருக்கமாக: மழை இரண்டு வேகத்தில் ஆற்றுக்கு வருகிறது. வேகமாக வருவது வெள்ளம். மெதுவாக வருவது கோடைத் தண்ணீர். இரண்டுக்கும் எவ்வளவு எவ்வளவு என்று பங்கிடுவது மேல்மலை மண்.

வெயிலடிக்கும்போது வெள்ளம்

கும்பக்கரைக் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். கும்பக்கரை அருவி பாம்பாற்றில் இருக்கிறது. அதன் நீர்ப்பிடிப்பு மேலே வட்டக்கானல், பாம்பார்புரம் பக்கம். கீழே நிற்பவர் தலைக்கு மேலே உள்ள வானத்தைப் பார்க்கிறார். அருவி பார்ப்பது வேறு வானம்.

கணக்காகவே பார்ப்போம். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஒரு சதுர கி.மீ.யில் 1 மி.மீ. என்றால் 10 லட்சம் லிட்டர். 10 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பில் ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. பெய்தால் 60 கோடி லிட்டர். இதில் கால்பங்கு மட்டும் தரைமேல் வழிந்து மூன்று மணி நேரத்துக்குள் அருவிக்கு வந்தாலும், நொடிக்கு சராசரியாகச் சுமார் 14,000 லிட்டர். செங்குத்தான பாறை ஓடையில் வெள்ளம் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்தால் 15 கி.மீ. தூரத்தைக் கடக்கச் சுமார் இரண்டு மணி நேரம். மேலே மழை விட்டு, கீழே வெயில் அடித்து, துண்டை எடுத்துக்கொண்டு இறங்கும் சரியான நேரத்தில் அது வந்து சேரும்.

ஆற்றில் நிற்பவர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. தெளிந்த நீர் திடீரென்று கலங்கல் ஆவது. சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வருவது. மேலே கற்கள் உருளும் ஓசை. நீர்மட்டம் ஒரு விரற்கடை ஏறினாலே கரையேறிவிட வேண்டும். இன்னும் பார்க்கலாம் என்று நின்றால் பாறைத் திட்டில் மாட்டிக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது. நடு ஆற்றுப் பாறை பாதுகாப்பானது என்று தோன்றும். அங்கிருந்து திரும்பி வர வழி இருக்காது.

மரம் நட்டால் ஆறு ஓடுமா?

எந்த மரம், எதை எடுத்துவிட்டு, எங்கே என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. பழனிமலையின் உயர்ந்த பகுதிகளில் இயல்பாக இருந்தவை இரண்டு: சரிவுகளில் புல்வெளி, மடிப்புகளில் சோலை. சோலை என்பது குட்டையான, அடர்ந்த, பாசி படர்ந்த மலைக்காடு. புல்லின் வேர்கள் மண்ணைச் சல்லடையாக வைத்திருக்கின்றன. அதே சமயம் புல் குறைவாகக் குடிக்கிறது. இந்தப் புல்வெளிகளில் பெரும்பரப்பில் பிற்காலத்தில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் நடப்பட்டன. இவை ஆண்டு முழுவதும் ஆழ்வேரால் தண்ணீரை எடுத்து இலைவழியாக ஆவியாக்குபவை.

நீலகிரியில் கிளன்மார்கன் அருகே இரண்டு அண்டை நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றின் புல்வெளியில் யூகலிப்டஸ் நட்டும் மற்றதை அப்படியே விட்டும் ஊட்டியிலுள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தினர் நீண்டகாலம் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடைக்கு வந்த நீர் ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரத்திலிருந்து மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் இன்னும் அதிகமாகக் குறைந்தது.

இதை வைத்துக்கொண்டு மரமே வேண்டாம் என்று சொல்ல வருபவர்களும் உண்டு. அதுவும் பிழை. மொட்டையாகக் கிடக்கும், அரித்துப்போகும் சரிவில் மரமும் அதன் சருகும் மண்ணைக் காக்கின்றன. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபித் தோட்டங்களில் நிழல் மரங்களுக்கு அடியில் உள்ள மண்ணைத் தொட்டுப் பார்த்தால் புரியும். காடு தண்ணீரை உற்பத்தி செய்வதில்லை. வந்த மழையை மெதுவாக்குகிறது; அதற்குக் கூலியாகக் கொஞ்சம் குடிக்கிறது. கூலி எவ்வளவு என்பதுதான் மரத்துக்கு மரம் மாறுகிறது.

மேலே செய்வது, கீழே தெரிவது

சரிவில் சாலைக்காக மண்ணை வெட்டும்போது, மண்ணுக்குள் மெதுவாகக் கசிந்துகொண்டிருந்த நீர் வெட்டுச்சுவரில் வெளிப்பட்டுச் சாக்கடையில் விழுகிறது. ஊற்றோட்டம் ஒரே நாளில் வழிந்தோடும் நீராக மாறிவிட்டது. அதே சாக்கடை முடியும் இடத்தில் சரிவு அரித்து நிலச்சரிவு தொடங்குவதும் இதனால்தான். காய்கறிப் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே போடாமல் மேலிருந்து கீழாகப் போட்டால் ஒவ்வொரு பார் இடுக்கும் ஒரு குட்டி ஓடை. நீர் சீக்கிரம் வடிந்து உருளைக்கிழங்கு அழுகாமல் இருக்கும் என்பது செய்பவரின் நியாயம். வண்டல் அணைக்குப் போகும் என்பது அணைக்காரரின் நியாயம். பாத்தியைக் குறுக்கே போட்டு, லேசான சாய்வோடு ஓரத்தில் புல் வளர்த்த வடிகாலில் விட்டால் நீரும் வடியும், மண்ணும் தங்கும்.

ஊற்றுகளில் கறுப்பு ஹோஸ் பைப்பைச் செருகி கிலோமீட்டர் கணக்கில் தோட்டத்துக்கும் விடுதிக்கும் கொண்டுபோவது மலையில் சாதாரணம். ஒரு பைப் பெரிய விஷயமில்லை. ஒரே ஊற்றில் 30 பைப் என்றால் கோடையில் அந்த ஓடையின் தலை ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கிவிடும்.

முகட்டின் அருமைக்குக் கொடைக்கானலில் ஒரு கசப்பான சாட்சி இருக்கிறது. 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை முகட்டை ஒட்டி நின்றது. அதன் பின்பக்க நிலம் பாம்பாற்றுச் சோலைக்குள் சரிகிறது. பாதரசம் கலந்த மண் பற்றிய கவலை ஆலை வளாகத்தோடு நிற்காமல் தென்சரிவு முழுவதையும் தொட்டதற்குக் காரணம், ஆலை நின்ற இடம்தான்.

தடுப்பணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்குத்துப் பகுதியில் கட்டினால் இரண்டு மூன்று பருவத்தில் கல்லாலும் மணலாலும் நிரம்பிவிடும். மேல்நிலத்தில் மண்ணைப் பிடிக்காமல் கீழே சுவர் கட்டிக்கொண்டே போவது, ஒழுகும் கூரை ஓட்டை மாற்றாமல் அடியில் பாத்திரம் வைப்பதுதான்.

கனஅடிக் கணக்கும் ஆரஞ்சுப் பழமும்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. ஆற்றையே அளக்கலாம். செய்தியில் வரும் ‘100 கனஅடி’ என்பது நொடிக்கு 100 கனஅடி. ஒரு கனஅடி 28.3 லிட்டர். நொடிக்கு 1 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 24.5 லட்சம் லிட்டர். அணையின் கொள்ளளவைச் சொல்லும் ‘மில்லியன் கனஅடி’ வேறு. அது தேங்கிய அளவு, நொடிக் கணக்கு இல்லை. நொடிக்கு 11.6 கனஅடி ஒரு நாள் ஓடினால் 1 மில்லியன் கனஅடி சேரும். வரத்தையும் இருப்பையும் ஒரே அலகுபோல் எழுதும் பழக்கம் போகாதவரை இந்தக் குழப்பமும் போகாது.

சிறு ஓடையை அளக்க ஒரு நாடா, ஒரு கம்பு, கடிகாரம், ஓர் ஆரஞ்சுப் பழம் போதும். ஓடை நேராக, ஒரே அகலத்தில் ஓடும் 10 மீட்டர் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். அகலத்தை அளக்கவும். குறுக்கே ஐந்தாறு இடத்தில் கம்பை விட்டு ஆழம் பார்த்துச் சராசரி எடுக்கவும். பழத்தைச் சற்று மேலே விட்டு, 10 மீட்டரைக் கடக்கும் நேரத்தைக் குறிக்கவும். ஐந்து முறை செய்து சராசரி எடுக்க வேண்டும். ஏன் ஆரஞ்சு என்றால், அது பெரும்பாலும் முழுகியே மிதக்கும், காற்று அடித்துத் தள்ளாது. இலையைப் போட்டால் காற்றின் வேகத்தைத்தான் அளப்பீர்கள்.

அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 0.15 மீட்டர், நேரம் 20 நொடி என்று வைப்போம். மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.5 மீட்டர். அடியில் கல்லில் உரசி நீர் மெதுவாகப் போவதால் 0.8-ஆல் பெருக்கினால் 0.4. பரப்பு 0.3 சதுர மீட்டர். பெருக்கினால் நொடிக்கு 0.12 கன மீட்டர், அதாவது 120 லிட்டர், ஏறக்குறைய 4.2 கனஅடி. கல் நிறைந்த ஓடையில் இது தோராயம்தான். ஆனால் ஒரே இடத்தில் ஒரே முறையில் மாதாமாதம் எடுத்தால், தோராயம் என்பது குறையாகத் தெரியாது.

அளக்க ஏற்ற காலம் மழை ஓய்ந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஓடுவது முழுவதும் ஊற்றோட்டமாக இருக்கும். ஜனவரியில் 120 லிட்டர் காட்டிய ஓடை மார்ச் கடைசியில் 50 லிட்டர் காட்டினால் மேலே மண் இன்னும் வேலை செய்கிறது. பிப்ரவரியிலேயே 10-க்கு இறங்கிவிட்டால், ஓடை பிரியும் இடத்துக்கு ஏறிப்போய் இரண்டு கிளையையும் தனித்தனியே அளக்கவும். வற்றிய கிளையைப் பிடித்து மேலே ஏறி, அது பிரியும் இடத்தில் மறுபடி அளக்கவும். நான்கைந்து பிரிவுகளுக்குள், ஹோஸ் பைப் கொத்தோ, புதிதாக வெட்டிய சாலையோ, போர்வெல்லோ, யூகலிப்டஸ் தோப்போ கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும்.